சேர்வராயன் மலைச் சரித்திரம் – 17: ஈட்டி மரமும் கிதார்ப் பட்டறையும்

1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்ததையும், அதன் பயனாக ஏற்காட்டைச் சுற்றித் தோட்டங்கள் பெருகியதையும் சென்ற இதழில் கூறினோம். யாத்திரிகர்களின் பொருட்டு அச்சிடப்படும் சிறு புத்தகங்கள் சில, ஏற்காட்டை 1842ஆம் ஆண்டில் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்ததாக இன்றும் எழுதிவருகின்றன. மன்றோவோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு காலமானவர். காலமாகிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மலையேறி வந்த ஒரே கவர்னர் என்ற பெருமையை அவருக்கு அளிக்க நாம் தயாராக இல்லை.

காப்பியின் கதையைச் சொல்லும்போது அதற்கு நிழல் தந்த மரங்களின் கதையைச் சொல்லாது விட்டோம். அதை இந்த இதழில் சொல்லப் புகுகையில், அம்மரங்களுள் ஒன்று கடல் கடந்து சென்று அந்நிய வாத்தியம் ஒன்றின் உடலாக மாறியதையும், அந்த வாத்தியமே பின்னர் இம்மலைக்கு வந்து இங்குள்ள சிறு பட்டறையில் கையால் செய்யப்படும் பொருளானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மரம் ஈட்டி. தோதகத்தி என்றும் இதைச் சொல்வார்கள். மர வியாபாரிகளுக்கு இது ரோஸ்வுட். வெளிறு மங்கிய மஞ்சளாகவும், வைரம் கபில நிறத்திலிருந்து ஊதா கலந்த கறுப்பு வரையில் பலவித ரேகைகள் ஓடியதாகவும் இருக்கும். வளர்ச்சியோ மிக மெதுவானது. பாட்டன் வைத்த கன்று பேரன் காலத்தில்தான் வைரம் பாய்ந்த மரம் என்று சொல்லத்தக்க நிலையை அடையும். இழைப்புளியின் வாயை மழுங்கச் செய்வதில் இதற்கு நிகரான மரங்கள் குறைவு என்பதைத் தச்சர்கள் எல்லோரும் அறிவார்கள். இத்தனை கடினமான மரத்தைப் பழைய காலத்தில் வண்டிச் சக்கரத்துக்கும், கலப்பைக்கும், வசதியுள்ளோர் வீட்டுக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் உபயோகித்தார்களேயன்றி, இதிலிருந்து நாதம் எழும் என்று எவரும் எண்ணவில்லை. நம் நாட்டில் தந்தி வாத்தியத்துக்குரிய மரம் பலா என்று சம்பிரதாயம் முன்பே தீர்த்து வைத்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மலைகளின் மரத்துக்குப் பெரும் சோதனைக் காலம் வந்தது. சென்னை ராஜதானியில் இருப்புப்பாதை போடத் தொடங்கியதும், தண்டவாளத்தின் கீழ் இடும் கட்டைக்காகவும் எஞ்சின் விறகுக்காகவும் பாதைக்கு அருகிலிருந்த காடுகள் அழியலாயின. 1860களின் தொடக்கத்தில் ரயில் சேலத்தை எட்டியபோது, சேர்வராயன் அடிவாரமும் அந்தப் பசிக்கு அருகில் வந்துவிட்டது. ஹியூ கிளெக்ஹார்ன் என்ற வைத்தியர் தலைமையில் 1856இல் சென்னையில் வன இலாகா ஏற்பட்டதற்கும், 1882இல் சென்னை வனச் சட்டம் வந்ததற்கும், காட்டின் மீது உண்டான அன்பைவிட மரம் தீர்ந்துபோகும் என்ற அச்சமே பெரிய காரணம் என்பது நமது அபிப்பிராயம். தோட்டக்காரர்களோ, நிழலுக்கு நின்ற பழைய காட்டு மரங்களைப் படிப்படியாகக் குறைத்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை வரிசையாக நட்டார்கள். அது விரைவாக நிமிர்ந்து வளரும். மிளகுக் கொடி ஏற இடம் தரும். வேண்டும்போது கிளையைக் கழிக்கலாம். இன்று ஏற்காட்டுத் தோட்டங்களில் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஈட்டி, பலா முதலியன இடையிடையே எஞ்சி நிற்கின்றன.

இங்கே இப்படி நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஐரோப்பாவில் கிதார் என்ற வாத்தியம் இன்றைய உருவத்தை அடைந்துகொண்டிருந்தது. ஸ்பெயின் தேசத்து அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்ற தச்சர், கிதாரின் உடலைப் பெரிதாக்கி, மேற்பலகையை மெல்லியதாக்கி, அது நொறுங்காமல் தாங்கும்படி உட்புறத்தில் விசிறி விரிந்தாற்போல் மெல்லிய சட்டங்களை ஒட்டும் முறையை முழுமைப்படுத்தினார். இவர் செய்த ஒரு பரீட்சை வாத்தியத் தொழிலின் சரித்திரத்தில் மிகவும் பிரசித்தமானது. 1862இல் மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்து, பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து ஒரு கிதாரைக் கட்டினார். அது பார்சிலோனா சங்கீதக் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. நாதத்தின் பெரும்பகுதி மேற்பலகையிலேதான் பிறக்கிறது என்பதே அவர் நிலைநாட்ட விரும்பிய சித்தாந்தம்.

அப்படியானால் பின்புறத்துக்கு விலையுயர்ந்த ஈட்டி எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேற்பலகை எழுப்பிய அதிர்வைப் பின்பலகை விழுங்கிவிடாமல் திருப்பித் தர வேண்டும். அடர்த்தியும் விறைப்பும் உள்ள மரம், விரலால் தட்டினால் மந்தமாகச் சப்தித்து ஓயாமல், மணியடித்தாற்போல் நீண்டு ஒலிக்கும். ஈட்டிக்கும் அதன் இனத்து மரங்களுக்கும் அந்தக் குணம் உண்டு. ஆயினும் அந்த மரத்தை நாடியதற்கு நாதத்தோடு கண்ணுக்கு விருந்தான அதன் ரேகைகளும், விலையுயர்ந்தது என்ற கௌரவமும் காரணமாயிருந்தன என்பதைத் தோரெஸின் அட்டைக் கிதார் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

தோரெஸுக்கு முன்பே, ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் ஊரில் வயலின் செய்வோர் சங்கத்தாருக்கும் மரச்சாமான் செய்வோர் சங்கத்தாருக்கும், கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்று மூண்ட வழக்கில் மனம் வெறுத்த சி.எஃப். மார்ட்டின் என்பவர் 1833இல் நியூயார்க் சென்று கடை வைத்தார். பிற்பாடு பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் நிலைகொண்டார். அந்தத் தொழில் இன்றுவரை அவர் வம்சத்தாருக்கு உரியதாகவே இருந்துவருகிறது. இவர்கள் உயர்ந்த கிதார்களுக்கு உபயோகித்தது பிரேசில் தேசத்து ஈட்டியை. நம் மரத்தை அப்போது அந்தத் தேசங்களில் இரண்டாந்தரமாகக்கூட எவரும் கருதவில்லை.

கிதாரின் இனத்தைச் சேர்ந்த நான்கு தந்திச் சிறு வாத்தியமான உகுலேலேயின் கதை வேறு விதமானது. இம்மலைக்கு அது கூறும் பாடம் பெரிது என்பதால் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். 1879 ஆகஸ்டு 23ஆம் தேதி, போர்த்துகீசியருக்கு உரிய மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்டத்தில் கூலிவேலை செய்ய ஒப்பந்தமாகி வந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு, 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. அதே காலத்தில் நம் ஜனங்கள் நேட்டாலுக்கும் இலங்கைக்கும் மொரீஷியசுக்கும் இப்படித்தான் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், அவர்களும் தங்கள் பறையையும் உடுக்கையையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கப்பலில் வந்தவர்களுள் மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பீரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்கள் இருந்தனர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் இவர்கள் ஹொனலூலுவில் பட்டறை வைத்து, தங்கள் தீவில் வழங்கிய நான்கு தந்திச் சிறு கிதாரைச் செய்து விற்கலானார்கள். அதற்காக ஐரோப்பாவிலிருந்து மரம் தருவிக்கவில்லை. அத்தீவின் மலைகளிலேயே வளரும் 'கோவா' என்ற வேல மர இனத்தை எடுத்து, மேற்பலகை உட்பட முழு வாத்தியத்தையும் அதிலேயே கட்டினார்கள். கலாகௌவா அரசர் அதை ஆதரித்து அரண்மனை விழாக்களில் வாசிக்கச் செய்ததால், ஒரு தலைமுறைக்குள் அந்நிய வாத்தியம் அத்தீவுக்கே உரிய சுதேச வாத்தியம் ஆகிவிட்டது.

1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் உகுலேலே மோகம் பரவிற்று. மார்ட்டின் கம்பெனியார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பெரிய கிதாருக்கு இடும் மரத்தையும் பலமான சட்டங்களையும் இட்டு இச்சிறு வாத்தியத்தைச் செய்து பார்த்தபோது அது எடுபடவில்லை. இலேசாகக் கட்ட வேண்டும் என்பதை உணர்ந்து 1916 முதல் செய்தவைதாம் புகழ் பெற்றன. பெரியதைச் செய்யத் தெரிந்தவனுக்குச் சிறியது தானே வந்துவிடும் என்று எண்ணுவது எத்தொழிலிலும் ஏமாற்றத்தையே தரும்.

இந்தியாவுக்கு இவ்வாத்தியங்கள் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்வோம். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள், கல்கத்தாவின் ஹோட்டல்கள், பிறகு சினிமா. ஹவாய் முறையில் மடியில் கிடத்தி வாசிக்கும் கிதாரை, 1940களில் கல்கத்தாவில் தங்கியிருந்த டௌ மோ என்ற வித்வான் அங்கே பரப்பினார். ஏற்காட்டில் 1894இல் திரு இருதயக் கன்னிமாடத்தாரின் பள்ளியும் 1917இல் மான்போர்ட் பள்ளியும் ஏற்பட்டிருந்தமையால், மேனாட்டு வாத்தியங்களின் ஓசை இம்மலைக்குப் புதிதல்ல. ஆனால் வாசிப்பது வேறு, செய்வது வேறு. தமிழ்நாட்டு இளைஞர் கையில் வெகுகாலம் இருந்தவை கல்கத்தாவில் மொத்தமாகச் செய்து அனுப்பப்பட்ட மலிவான கிதார்களே.

பிரேசில் அரசாங்கம் தன் ஈட்டி மரத்தை அறுக்காத கட்டைகளாக வெளியே அனுப்புவதை 1960களின் பிற்பகுதியில் தடுத்ததும் உலகக் கிதார்த் தொழிலின் பார்வை நம் பக்கம் திரும்பிற்று. 1969இல் மார்ட்டின் கம்பெனி தன் வழக்கமான கிதார்களுக்கு இந்திய ஈட்டியை எடுத்துக்கொண்டது. மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். 1992இல் பிரேசில் மரம் அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, வியாபாரமே அநேகமாக நின்றுபோகவே, மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் அதைச் சார்ந்த தென்னிந்தியக் காடுகளிலும் வளர்ந்த நம் மரம் உலகத்தின் உயர்ந்த கிதார்களுக்குப் பொது மரமாயிற்று. நாதத்தை ஒப்பிட்டுப் பார்த்து நம் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெருமை பேசிக்கொள்ள இடமில்லை. அங்கே தீர்ந்தது, ஆகவே இங்கே வந்தார்கள்.

நம் அரசாங்கமும் கைகட்டி நிற்கவில்லை. வெட்டிய கட்டையாகவோ பருமனான பலகையாகவோ மரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது, வேலை செய்து முடித்த உறுப்பாகவே அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தமையால், கிதாரின் பின்பலகையும் பக்கமும் மெட்டுப் பலகையும் இங்கேயே மெல்லியதாக அறுக்கப்பட்டு ஏற்றுமதியாயின. இந்த விதி 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெரிய ரகளையைக் கிளப்பிற்று. கிப்ஸன் என்ற பிரசித்திபெற்ற கிதார்க் கம்பெனியின் தொழிற்சாலைகளில் அந்நாட்டு வனவிலங்கு இலாகாவினர் புகுந்து, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலித் துண்டுகளைக் கைப்பற்றினார்கள். அவை முடிந்த உறுப்புகளா, வெறும் அறுத்த பலகைகளா என்பதே தகராறு. சில மில்லிமீட்டர்ப் பருமன் இரு தேசங்களின் சட்டங்களைப் பேசவைத்தது. 2012இல் 300000 டாலர் அபராதத்தோடு விவகாரம் முடிந்தது. அந்தச் சமரசத்தில் பிரதானமாக இடம்பெற்றது மடகாஸ்கர் கருங்காலி. 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம் முழுவதும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணைக்கு உட்பட்டது. வாத்தியக்காரர்களும் வியாபாரிகளும் முறையிட்டதன்மேல், 2019 நவம்பர் முதல் முடிவடைந்த வாத்தியங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ, பட்டா நிலத்து ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்று 1994ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது.

இத்தனை கட்டுப்பாடுகளையும் தொழிலுக்கு இடையூறு என்று குறை கூறுவோர் உண்டு. நமது கருத்து அதற்கு நேர்மாறானது. மரத்தைப் பலகையாக விற்றுப் பணம் பண்ணும் வழி எளிதாயிருந்தவரையில், அதை வாத்தியமாக்கும் கைத்திறன் இம்மலையில் முளைக்கவே இல்லை. முடிந்த வாத்தியத்துக்கு மட்டும் வழி அகலமாகத் திறந்திருக்கும் நிலை ஏற்பட்ட பிறகு, மரம் வளரும் இடத்திலேயே வாத்தியத்தையும் செய்வதற்கு முன்னில்லாத நியாயம் பிறந்திருக்கிறது. ஆரோவில்லிலும் நம் ஏற்காட்டிலும் சிறு பட்டறைகளில் கையால் கிதார் செய்யும் தொழில் நம் காலத்தில் வேர்விட்டிருப்பதை அந்த நோக்கிலேயே பார்க்கிறோம்.

தொழில் புதிதேயன்றித் தொழிலின் தர்மம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைக் கொண்டுவந்து தஞ்சாவூர் ஆசாரிகள் குடைந்து செய்யும் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளையும் மெழுகின்மேல் ஒவ்வொன்றாக அமர்த்தி, காதால் கேட்டுச் சுருதி சேர்க்கும் 'மேளம் கட்டும்' வேலை, வீணைத் தொழிலில் மிகுந்த ஞானம் வேண்டும் கட்டம். மெழுகு இளகினால் மறுபடியும் கட்டலாம். கிதாரில் அந்தச் சலுகை இல்லை. மெட்டுக் கம்பியை மரத்தில் அறுத்த கீற்றுக்குள் அடித்து இறக்கிவிட்டால் அது அங்கேயேதான் நிற்கும். ஆகையால் காதுக்குப் பதில் கணக்கை நம்ப வேண்டும். தந்தியின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டு, மிச்சத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி அடுத்தது என்று, வானசாஸ்திரி கலிலியோவின் தகப்பனாரான வின்செந்த்சோ கலிலெய் 1581இல் ஒரு சூத்திரம் சொன்னார். 650 மில்லிமீட்டர்த் தந்தியில் அந்தக் கணக்குப்படி பன்னிரண்டாம் மெட்டு, சரிபாதியான 325க்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் முன்னதாகவே விழுந்துவிடும். மேல் ஸ்தாயி ஷட்ஜம் பேசாது. இக்காலத்தில் பதினெட்டுக்குப் பதில் 17.817 என்று கொள்கிறார்கள். முதல் மெட்டு 36.48 மில்லிமீட்டரில் வரும்.

இனி மலைப் பட்டறையின் கஷ்டத்துக்கு வருவோம். ஏற்காட்டின் கடினமான எதிரி ஈரம். மழைக்காலத்து மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே புகும் ஊரில், மரம் காற்றிலுள்ள ஜலத்தைக் குடித்து அகலத்தில் விரிந்திருக்கும். விரிந்த நிலையிலேயே மேற்பலகையை ஒட்டிக் கிதாரை முடித்துச் சேலத்துக்கு இறக்கினால், சித்திரை வெயிலில் மரம் சுருங்க முயலும். பக்கங்கள் அதைப் பிடித்திருப்பதால் சுருங்க இடமின்றி ரேகையோடு நீளப் பிளந்துவிடும். எனவே பலகைகளை ஆண்டுக்கணக்கில் காற்றாட அடுக்கி உலர்த்திய பிறகும், ஒட்டுவேலை நடக்கும் அறையில் காற்றின் ஈரத்தை 45 சதவிகிதத்தை ஒட்டி நிறுத்தி வைக்க வேண்டும். மலைக்காற்றின் சுகத்தைத் தேடி ஊரார் ஏறிவரும் இடத்தில், அந்தக் காற்றை உள்ளே விடாமல் கதவை அடைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியவன் கிதார்த் தச்சன் ஒருவனே.

மேற்பலகையை இரண்டரை மில்லிமீட்டர் வரையிலும், உகுலேலேக்கு அதனினும் மெல்லியதாகவும் இழைப்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதை அளவுகோல் மட்டும் சொல்லாது. பலகையை இரு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, இன்னும் ஓர் இழை சீவலாமா என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு சீவல் அதிகமானால் ஆறு தந்திகளின் இழுப்பில் குதிரையின் அடியில் பலகை குழிந்துவிடும். பக்கப் பலகையை ஜலத்தில் நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் சிறிது சிறிதாக அழுத்தி இடுப்பு வளைவைக் கொண்டுவருகையில், ஈட்டி ஒருவித இனிய வாசனையை வெளியிடும். அவசரப்பட்டால் வாசனையோடு வெடிப்பும் வரும். மெருகுக்குப் பழைய தச்சர்கள் பூசியது சாராயத்தில் கரைத்த அவலரக்கு. அந்த அரக்கு புரசிலும் பூவத்திலும் இலந்தையிலும் பூச்சிகள் உண்டாக்குவது. உலகச் சந்தைக்கு அதை மிகுதியாக அளித்துவந்தது இந்தியா. மரம் கேட்டு வருவதற்கு முன்பே நம் நாட்டு அரக்கு மேனாட்டு வாத்தியத்தின் மேனியில் மின்னிக்கொண்டிருந்தது.

கையால் செய்யும் பட்டறையின் விலை, தொழிற்சாலைச் சரக்கோடு போட்டியிடவே முடியாது. போட்டியிட முயலவும் கூடாது. அதன் பலம், ஒவ்வொரு மரத்துண்டின் தன்மைக்கேற்பக் கனத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தில் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை மரத் தேர்விலும் காட்ட வேண்டும் என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. ஹொனலூலுத் தச்சர்கள் தங்கள் மலையின் மரத்தை எடுத்தார்கள். இங்கே தோட்டம்தோறும் நிற்கும் சில்வர் ஓக்கை அதன் பிறந்தகமான ஆஸ்திரேலியாவில் கிதாரின் பின்பலகைக்கும் பக்கத்துக்கும் உபயோகிக்கிறார்கள்; நாமோ அதைப் பெட்டிக்கும் பிளைவுட்டுக்கும் கொடுத்துவிடுகிறோம். பலாவின் நாதத்துக்குத் தஞ்சாவூரே சாட்சி. நீலகிரியில் வெள்ளையர் காலத்தில் நட்ட ஆஸ்திரேலிய வேல மரங்களுள் ஒன்று, ஹவாயின் கோவாவுக்கு நெருங்கிய உறவு. ஈட்டி மெதுவாக வளரும் மரம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் அதை அழிவாபத்துக்கு உட்பட்டதாகவே கணித்திருக்கிறார்கள். பழைய வீட்டின் உத்தரமும் உடைந்த கட்டிலும் தரும் ஈட்டியோடு நிறுத்திக்கொண்டு, மற்றதற்கு இம்மரங்களை நாடுவதே ஏற்காட்டுப் பட்டறைக்கு உசிதம்.

சேலம் ஜில்லாவின் காடுகளைப் பற்றி 1883இல் லெஃபானு எழுதிய கையேட்டிலும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியரிலும் உள்ள செய்திகளை அடுத்த இதழில் ஆராய்வோம். ஏற்காட்டுத் தோட்டக் குடும்பங்களிலோ, சேலத்து மரக்கிடங்கு நடத்திய குடும்பங்களிலோ பழைய மரக் கணக்கேடுகள், ஏல ரசீதுகள், வெட்டு அனுமதிக் கடிதங்கள் இருக்குமாயின், அவற்றைச் செல்லுக்கு இரையாக்கிவிடாமல் பத்திரிகை அலுவலகத்துக்குப் பார்வைக்கு அனுப்பி உதவும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். படித்துப் பிரதி எடுத்தபின் பத்திரமாகத் திருப்பி அனுப்பப்படும்.